உணவும் அளவும்

புதுவையில் 1954-ஆம் ஆண்டிற் பிரெஞ்சியர் ஆட்சி நீங்கியும் ரொட்டி நீங்கிற்றில்லை. முன்னோர் உண்ட பழைய சோறும் கேழ்வரகும் அருகினவே என வருந்துவார் சிலர். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டபின் அவற்றை மருந்தெனவே போற்றுவார் பலர். கேழ்வரகு சுண்ணாம்புச் சத்து மிக்கதென்பது உண்மையே. நீரில் ஊறிப் புளித்த சோற்றில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் பெருகுதலும் உண்மையே. ஆயினும், உண்ணும் பொருளை மாற்றிய அளவிற் பழைய உண்ணும் முறை மீளுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் 942 முதல் 947 வரையுள்ள ஆறு குறள்களில் உணவையே பேசினார். அவற்றுள் நெல்லென்றோ தினையென்றோ ஒரு கூலத்தின் பெயரும் இல்லை. முன்னுண்டது அற்றதை அறிதல், நன்கு பசித்தல், அளவு, ஒவ்வாதன விலக்கல், ஒத்ததனையும் மிகாமல் மறுத்துண்டல் என்பனவே அவர் கூறியன. பசியாது குடிப்பானுக்குக் கேழ்வரகுக் கூழும் நோயே.

அற்றேல், நோயின்மைதான் முடிந்த பயனோ எனின், அன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மலநீக்கத்தின்பொருட்டு இறைவன் உயிர்க்குக் கூட்டியன என்பது சித்தாந்தம். உடல் இரவற் கருவி; அதனைப் பழுதாக்குதல் உடையானுக்குச் செய்யும் பிழை. வேதபுரீசர் கோயிலிற் பிரதோட வழிபாடு முடியுமளவும் உண்ணாதிருப்பானும், மருத்துவர் சொற்கஞ்சி உண்ணாதிருப்பானும் வயிற்றளவில் ஒப்பர், கருத்தளவில் ஒவ்வார். எனினும் பின்னவனை இகழற்க; அவன் காப்பதும் இறைவன் தந்ததனையே.

இகழ்தற்குரியது நம்மிடத்தே உளது. மாகேசுர பூசையிற் போதுமென்று கைம்மறித்த அடியார் இலையிலும் மேன்மேல் இட்டு நிரப்புகின்றோம். அவர் மறுத்துண்ண நாம் இடங்கொடுத்தல் வேண்டும்.