சாவி வைத்திருப்பவனின் அமானிதம்

"நீ இருக்கும் வீடு யாருடையது?" என்று எங்கள் பூண்டுலோயாத் தோட்டப் பிள்ளைகளிடம் கேட்டால் உடனே பதில் வராது. வெள்ளைக்காரக் கொம்பனிகளின் கையிலிருந்த தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் மறுபடியும் தனியார் கொம்பனிகளிடம் போனது. துரைமார் மாறினார்கள், லயன் மாறவில்லை. தலைமுறைகளாகக் குடியிருந்தும் பெரும்பாலானோர் கையில் உறுதி இல்லை.

முகநூலிலும் டுவிட்டரிலும் நாம் இருந்ததும் இப்படியான குடியிருப்புத்தான். 2022 ஒக்டோபரில் டுவிட்டர் கைமாறியபோது அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நமக்கு அதைவிடக் கசப்பான அனுபவம் முன்பே இருந்தது. 2018 பெப்ரவரியில், அம்பாறை முஸ்லிம் கடையொன்றில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் முகநூலில் ஓடியது. மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. பொய் ஓடும்போது திறந்திருந்த கதவு, உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று நாம் விசாரிக்கப் போனபோது மூடியிருந்தது. அந்தக் கொம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

எனவே, என் பழைய மாணவர் சிலர் "சேர், எங்களுக்கென்று ஒரு வீடு கட்டுவோம்" என்றபோது நான் மறுக்கவில்லை. மாத வாடகைக்கு ஒரு சேர்வர் எடுத்து அதில் மஸ்டொடோன் என்ற மென்பொருளை நிறுவினார்கள். ஜெர்மனியிலிருந்து ஒயிகன் ரொச்கோ என்ற இளைஞர் 2016இல் வெளியிட்ட இந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். ஒவ்வொரு சேர்வரும் தனித்தனி வீடு. ஆனால் அக்டிவிட்டிபப் என்ற பொது மொழியில் ஒன்றோடொன்று பேசும். பூண்டுலோயாவில் போட்ட கடிதத்தைப் பாரிஸ் தபாற்காரர் கொண்டுபோய்க் கொடுப்பதில்லையா, அதுபோல. வீட்டுச் சட்டத்தை வீட்டார் வகுக்கலாம். தொல்லை தரும் அயல்வீட்டோடு தொடர்பை அறுக்கலாம். தொழில்நுட்பத்தை ஒரு மாணவர் பார்த்துக்கொண்டார். ஒழுங்கு பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கத்துக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, தொண்ணூறுகளின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு காரியம் செய்தது. நேயர்கள் கேட்கும் கேள்விக்கு இணையத்தில் தேடி, விடையை ஒலிபரப்பில் சொன்னார்கள். அருமையான பணி. ஆனால் எதை வாசிப்பது, எதை விடுவது என்று ஒலிவாங்கி முன் இருந்தவரே தீர்மானித்தார். சிறிய வீட்டிலும் சாவி ஒருவர் கையில்தான் இருக்கும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் இரவு எங்கள் சேர்வரில் ஒரு மாணவர், ஊர்க் கடைக்காரர் ஒருவரைப் பற்றி ஆதாரமில்லாத ஒன்றை எழுதினார். அதை அழித்தேன். அழிக்கும்படி வேண்டுகோள் மற்றச் சேர்வர்களுக்கும் போகும். அவை கேட்டே ஆகவேண்டும் என்றில்லை. வாயிலிருந்து போன சொல் போனதுதான். பயம் பிடித்துவிட்டது. இதற்குப் பின்னால் வேறு யாரும் இருக்கிறார்களோ? அப்போதுதான் தொழில்நுட்பம் பார்ப்பவர் சொன்னார்: "சேர், ஒருத்தருக்கொருத்தர் அனுப்புற தனிச் செய்தியும் பூட்டுப் போடாமத்தான் கிடக்கு. பார்க்கவா?"

பார்க்கச் சொன்னேன்.

சதி எதுவும் இருக்கவில்லை. தன் வீட்டில் நடந்த சண்டையையும் உம்மாவின் அழுகையையும் அந்தப் பிள்ளை ஒரு கூட்டாளிக்கு எழுதியிருந்தது. துருவி ஆராயாதீர்கள் என்ற கட்டளை சூரா ஹுஜுராத்தில் இருப்பதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தவன் நான். செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்வதும் அதே சூராதான். இரண்டாவதைச் செய்கிறேன் என்று முதலாவதை மீறினேன். கடைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

அவரிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோபப்படவில்லை. ஒரு வாரத்தில் வேறு சேர்வருக்குப் போய்விட்டார். இந்த முறைமையில் அது முடியும். பின்தொடர்வோரையும் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதியவை மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். அவர் எழுத்துக்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன.

சொந்த வீடு கட்டினால் அநீதி வெளியே நின்றுவிடும் என்று எண்ணியிருந்தேன். கொம்பனிக்கு நம்மைப் பற்றி அக்கறை இல்லை. எனக்கு அக்கறை இருந்தது, அதையே சாட்டாக வைத்து ஒரு பிள்ளையின் மறைவைத் திறந்தேன். அறிந்தவன் பார்ப்பது அந்நியன் பார்ப்பதைவிடக் கூடுதலாகச் சுடும். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. தவறு செய்தவனை இங்கே பெயர் சொல்லிக் கேட்கலாம். கேட்டுவிட்டு, எழும்பிப் போகவும் கதவு இருக்கிறது. லயனில் இரண்டுமே இருக்கவில்லை.

மஸ்டொடோன்காரர்கள் தம் பட்டியலில் சேரும் சேர்வர்களிடம் சில வாக்குறுதிகள் கேட்கிறார்கள்: அன்றாடம் பிரதி எடுத்து வைக்கவேண்டும், அவசரத்தில் திறக்க இன்னொருவரிடமும் அனுமதி இருக்கவேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்னறிவித்தல் தரவேண்டும். நாங்கள் நாலாவதாக ஒன்று சேர்த்திருக்கிறோம்: தனிச் செய்தியை, அதைப் பெற்றவரே முறையிட்டாலொழிய, எவரும் திறப்பதில்லை; அப்போதும் இருவர் சேர்ந்து, எழுதியவருக்கு அறிவித்த பின்னரே.

வக்புச் சொத்தைப் பார்க்கும் நம்பிக்கையாளர், தான் சொந்தக்காரன் அல்ல என்பதைத் தினமும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். போன பிள்ளையின் எழுத்துக்களைப் பிரதி எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வருகிறது. அவர் அழிக்கச் சொன்னால் அழிப்போம். அதுவரை, வாசிக்காமல் காத்து வைத்திருப்பதே என் வேலை.