பிள்ளை யார் கையில்?

ஆகஸ்ட் 29-ந் தேதி வேளாங்கண்ணியில் கொடியேறினால், செப்டம்பர் 8 வரை நம் திருவண்ணாமலையிலிருந்தும் குடும்பங்கள் புறப்படும். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களிடம் ஒரு கேள்வி: கூட்டத்தில் பிள்ளையைக் காக்கும் கடமை யாருடையது? "எல்லாருடையதுந்தான்" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து.

பன்னிரண்டு வயதில் சேசு பாலன் ஜெருசலேமில் தங்கிவிட்டபோது, மாமரியும் சூசையப்பரும் அவர் கூட்டத்தாரோடு வருகிறாரென்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள் என்கிறது லூக்காஸ் சுவிசேஷம். கண்டடைய மூன்று நாள் சென்றது. அதை அசட்டை என்று சொல்ல நாம் துணியோம். பாசமுள்ள பந்துக்கள் சூழ இருக்கையில்தான் அப்படி எண்ணத் தோன்றும்.

ஆகையால் பஸ் ஏறுமுன்பே பேர் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள்: சிதம்பரம் வரை பாட்டி, அப்பால் சித்தப்பா. பௌர்ணமியன்று புறப்பட்டால், கிரிவலக் கூட்டம் நிறைந்த நம் ஊர் பஸ் நிலையத்திலேயே இது வேண்டும். பிள்ளையின் பையில் வீட்டாரின் போன் நம்பரை எழுதி வையுங்கள். தவறிப்போனால் போலீசாரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. முழங்கால் வலியுள்ள தாத்தா, "ஓடிப் பிடிக்க என்னாலாகாது" என்று முன்கூட்டியே சொல்வது தாழ்ச்சியே, அதில் வெட்கமென்ன?

பிள்ளையை அதட்டி உட்காரவைத்து ஜெபமாலையை முடிப்பது பக்தியென்று எனக்குத் தோன்றவில்லை. அது அலையைப் பார்க்கத் துடிக்கிறது. கையைப் பிடித்தபடி கூட்டிப்போங்கள். கணுக்கால் நனைந்தால் போதும். மிச்சமுள்ள மணிகளைத் திரும்பும் பஸ்ஸில் இருவருமாகச் சொல்லலாம், அதற்குள் அது உங்கள் மடியில் தூங்கிவிடாவிட்டால்.