கை நடுங்கினால் இரக்கம், கடன் வாங்கினால்?

பார்க்கின்சன் நோய் என்றதும் நம் கண்ணில் நிற்பது நடுங்கும் கை. 1817-இல் இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், இது புலன்களையும் அறிவையும் தொடுவதில்லை என்றார். அவர் எழுதியது ஆறே பேரைப் பற்றி. அவர்களிலும் சிலர் தெருவில் பார்த்தவர்கள். இது உடலோடு நின்றுவிடும் நோய் என்ற அந்த எண்ணம் மட்டும் இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

இந்த நோயில் மூளையில் குறைவது டோப்பமின். அது கைகாலை அசைக்க மட்டுமல்ல, ஒன்றின் மேல் ஆசை வைக்கவும் வேண்டும். அதனால்தான் சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனச்சோர்வு வந்துவிடுகிறது. முகத் தசை இறுகிச் சிரிப்பும் வெளியே தெரியாமல் போக, "அவருக்கு எதிலும் பிடிப்பில்லை" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மருந்தில் இருப்பது வேறொரு வம்பு. பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோப்பமினைப் போல வேலை செய்து உடலை இளக்கும். சிலருக்கு ஆசையின் கடிவாளத்தையும் அவிழ்த்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, அடங்காத காமம், ஓயாத தீனி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று, இவ்வகை மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. சாப்பிடாதவர்களில் 7 சதவீதம்.

காலமெல்லாம் பால் கணக்குகூட எழுதிவைத்த மனிதர், ராத்திரி செல்போனில் ரம்மி ஆடிக் கடன்படலாம். "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு" என்பார்கள். கை நடுங்கினால் தோள் கொடுக்கிற குடும்பம் இதற்கு முகம் திருப்பிக்கொள்ளும். அவரும் மானத்துக்கு அஞ்சி டாக்டரிடம் வாய் திறப்பதில்லை. மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பலருக்கு இது அடங்கிவிடும் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். அதற்காக வீட்டிலேயே மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் பதற்றமும் சோர்வும் வரக்கூடும்.

இந்த நோயாளிகளில், யாரும் இல்லாத மூலையில் குழந்தை நிற்பதாகச் சொல்பவர்களும் உண்டு. மந்திரிக்கப் போக வேண்டாம். மனநல மருத்துவரிடம் போனாலும் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாதது தெரிவதற்கு அங்கே தரக்கூடிய ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் உடல் இறுக்கத்தை மோசமாக்கும்.

மருந்துச் சீட்டு எழுதும் அன்றே டாக்டர் இதையெல்லாம் வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சொல்லாவிட்டால் நாமே கேட்கலாம். அப்பா எதிரில் கேட்கக் கூச்சமாக இருந்தால், அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போன நேரத்தில் கேட்டுவிடலாம்.