டீசன்டான குடும்பம்

என் வீட்டு மாடிப் போர்ஷன் காலியானபோது வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டேன். "வாடகைக்கு விடப்படும். டீசன்டான குடும்பம் மட்டும்." எழுதும்போது கை தயங்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொற்களை வைத்துப் பிழைக்கிறவன், அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் ஓர் இளைஞர் வந்தார். பாங்கில் உத்தியோகம், அளவான பேச்சு. வாடகையும் முன்பணமும் பேசி முடிந்தன. அப்போதுதான், வெளியே நின்றிருந்த பெரியவரைக் காட்டி, "எங்கப்பா சார். மரக்காணத்து உப்பளத்திலே வேலை செஞ்சவர். இனிமே எங்களோடதான் இருப்பார்" என்றார்.

முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி; உப்புநீரில் நின்று நின்று வெடித்துப்போன பாதங்கள். என் வாய் தானாகவே ஒரு பொய்யைச் சொல்லிற்று: "அடடா, நேற்றே ஒருவருக்கு வாக்குக் கொடுத்தது மறந்துபோய்விட்டது."

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "பரவாயில்லீங்க ஐயா. குடுத்த வாக்கு மாறக் கூடாது" என்றார். போகும்போது வாசற்கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, கொக்கியையும் மாட்டிவிட்டுப் போனார்.

அன்று முதல் அந்தச் சொல் என்னை விடவில்லை.

லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. மூலத்தில் 'தகும்' என்பதே அதன் பொருள். ஆங்கிலேயரிடமே அதற்குப் பல முகங்கள் உண்டு. அறைக்கதவைத் தட்டி "டீசன்டாக இருக்கிறாயா?" என்றால், உடுத்தியிருக்கிறாயா என்று கேள்வி. டீசன்டான சம்பளம் என்றால் போதுமான சம்பளம். டீசன்டான மனிதர் என்றால் பிறரிடம் நியாயமாக நடப்பவர். நம்மிடையே உடுப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. சலவைச் சட்டையும் தாழ்ந்த குரலும் இருந்தால் போதும். வாடகைப் பலகையிலோ அது இன்னும் சிறுத்துப்போய், ஜாதியை வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்களுக்கு ஒரு மறைவிடமாகிவிட்டது. நானும் அங்கேதான் ஒளிந்திருந்தேன்.

1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் இந்தச் சொல் இரண்டு விதமாகப் பயில்கிறது. 19-ஆவது பிரிவில் அதன் பெயர்ச்சொல் வடிவம், பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்களில் ஒன்று. அது ஆண் பெண் விரசத்தை மட்டுமே குறிக்கிறதா என்று வாதம் எழுந்தது. அவ்வளவு குறுக்கலாகாது, மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதைத் தடுப்பதும் அதில் அடங்கும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 43-ஆவது பிரிவிலோ, உழைப்பவர்களுக்கு அரசு தேடித்தர முயல வேண்டிய வாழ்க்கைத் தரத்துக்கு இதுவே அடைமொழி. அங்கே அது உப்பளத்துப் பெரியவருக்கு நாடு பட்டிருக்கும் கடன். அதை நான் அவருக்கு வைத்த பரீட்சையாக மாற்றினேன்.

சில மாதம் கழித்து, மரக்காணத்துக்குத் தெற்கே, சம்பந்தர் பாடிய தலமான இரும்பை மாகாளத்துக்குப் போயிருந்தேன். அவ்வூர்க் கதை இது. நாடு மழையின்றித் தவித்தபோது, தவத்தில் உறைந்திருந்த கடுவெளிச் சித்தரைத் தாசி ஒருத்தி எழுப்பி அழைத்துவந்தாளாம். மழை பெய்தது. கோயில் விழாவில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் வெகுண்டார், கருவறையில் லிங்கம் வெடித்துச் சிதறியது என்கிறார்கள். பிளந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் இணைத்து இன்றும் பூசை நடக்கிறது.

கூட்டத்தின் கண்ணில் பட்டது ஒரு தாசியின் காலும் ஒரு துறவியின் கையும். அந்தக் கணத்துக்குத் தக்கது எது என்று சித்தர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. நானும் அன்று பாதங்களைத்தான் பார்த்தேன். அவை எத்தனை வீட்டுச் சோற்றுக்கு உப்பு விளைவித்தவை என்று நினைக்கத் தோன்றவில்லை.

மாடியில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. சலவைச் சட்டை, தாழ்ந்த குரல். வாடகை ஒன்றாம் தேதியே வந்துவிடுகிறது. வாசற்கதவு மட்டும் இரவில் திறந்தே கிடக்கிறது. நான்தான் எழுந்துபோய்க் கொக்கி மாட்டுகிறேன்.