சாவு சேதியும் செல்போனும்

ஊர்த்தெருவில் ஓர் உசுரு போனால் ஏழெட்டு ஊருக்கு நடந்து சேதி சொன்னவர் எங்கப்பா. கூலி கிடையாது. அறுப்புக் காலத்தில் அளக்கிற நெல், வாசலுக்கு வெளியே நின்று குடிக்கும் கஞ்சி, அவ்வளவுதான். 1995இல் இந்தியாவுக்கு வந்த செல்போன் பிறகு பண்ணையார் மடிக்கும் வந்தது. வேலை நின்றது. நெல்லும் நின்றது. “போனு இருக்கும்போது உனக்கு எதுக்குடா படி?” என்றார்கள். அவமானம் போச்சு, சரி; நிலம் வந்துச்சா?

சாவு சொல்ல மாட்டோம் என்று மறுத்து அடிபட்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது வேறு விடுதலை. எந்திரம் தருவதை அதோடு சேர்த்து எண்ண எனக்கு மனசு வரல. செல்போன் வந்தது அவங்க அவசரத்துக்கு, எங்கப்பா கால் வலிக்காக இல்ல.

நம்ம வலிக்காக வரவேண்டிய எந்திரத்தின் கதை தெரியுமா? ஆர்யபட்டா விண்ணுக்குப் போனது 1975இல். கையால் மலம் அள்ளத் தடைச்சட்டம் 1993இல், மறுபடி 2013இல். சாக்கடைக் குழிக்குள் மனுசனுக்குப் பதிலாய் இறங்கும் ‘பாண்டிகூட்’ ரோபோவைக் கேரளத்து இளைஞர்கள் கொண்டுவந்தது 2018இல். வானத்துக்குப் போக வழி தெரிந்தவர்களுக்கு ஆறடிக் குழி தெரியல! 2023இல் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது உச்சநீதிமன்றம். அப்படியும் ஆள் இறங்குறான், சாகுறான். எந்திரத்தைவிட நம்ம உடம்பு மலிவு.

இனி கம்ப்யூட்டரே வேலைக்கு ஆள் பொறுக்குமாம். பழைய கணக்கைப் படித்துத்தான் அது கத்துக்குது. அந்தக் கணக்கை எழுதியது யாரு?