கழுவிக் கொடுத்த சொம்பு

வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடித்தார். அப்புறமும் அந்தச் சொம்பைத் தெருக்குழாயில் கழுவித்தான் என்னிடம் நீட்டினார். "குடுங்கய்யா, நான் கழுவிக்கிறேன்" என்றேன். "இருக்கட்டும் தாயி" என்றார்.

மொபெட்டில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிற பெரியவர். பொட்டிபுரத்தில் அன்று ஒருவரும் நின்று கேட்கவில்லை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சொம்புதான் உறுத்துகிறது. உதடே படாத சொம்பை ஏன் கழுவினார்?

போடியில் அம்மாச்சி வீட்டுத் திண்ணையடியில் ஓர் அலுமினிய டம்ளர் இருக்கும். ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிற கூலியாட்களுக்கு அது. குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அதை எடுத்து விளையாடி ஒருமுறை அடி வாங்கினேன். அம்மாச்சி ஈரமனசுக்காரி, மழையில் நனைந்து வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள். அதே டம்ளரில்.

மொபெட் பெரியவரைப் போலவே ஊர் ஊராகப் போன மிஷனரி ராக்லண்ட் ஐயரைப் பற்றி எப்போதோ படித்தது நினைவில் வருகிறது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் தேர்ந்தவர். 1854இல் வடதிருநெல்வேலிக்கு வந்து, கூடாரமடித்துக் கிராமம் கிராமமாகப் போனார். 1858இல் சிவகாசியில் இறந்தபோது வயது 43. அமெரிக்காவில் அவருக்கு முந்தியே மெதடிஸ்ட் ஊழியர்கள் குதிரைமேல் இப்படிச் சுற்றியிருக்கிறார்கள். அவர்களில் பிரான்சிஸ் ஆஸ்பரி 1771 முதல் 1816இல் சாகும்வரை சொந்த வீடில்லாமலே அலைந்தார். அவர்களுடைய துணிவு எனக்கு வியப்புத்தான். ஆனால் மனசு ராக்லண்டோடு நடந்த உபதேசியார்களிடம் போய் நிற்கிறது. தென்திருநெல்வேலிச் சபைகள் முறைவைத்து அனுப்பிய தமிழர்கள் அவர்கள். வெள்ளைக்காரருக்குக் கூடாரத்தில் தண்ணீர் இருந்திருக்கும். வெயிலில் முன்னே போன உபதேசியாருக்கு எந்த வாசலில், எந்தப் பாத்திரத்தில் கிடைத்திருக்கும்? வீடில்லாமல் அலையத் துணிந்தவன், தினமும் யாரோ ஒருவருடைய வாசலை நம்பித்தான் வாழ வேண்டும். அந்த வாசலில் நிற்பவர்கள் நாம்.

பெரியவர் செய்தது மரியாதை என்றால், சொம்பைப் பிடுங்கியிருந்தால் அவரை அவமதித்திருப்பேன். பழைய பயம் என்றால், கழுவ விட்டதால் அம்மாச்சியின் டம்ளரை நானும் எடுத்து நீட்டியவளாகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். கேட்டாலே அவருடைய சாதியைக் கேட்டதாகிவிடும். இனியொருவர் தண்ணீர் கேட்டு வந்தாலும் கையை நீட்டுவதா, விடுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.