ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் வீட்டுப் பாட்டிமார் வாயில் நாளும் புழங்கிய பழமொழி. வீணே போவதாயினும் எவ்வளவு போயிற்று என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சிக்கனத்துக்காகச் சொல்லப்பட்ட சொல் அது. ஆயின் உண்மையாகவே ஆற்றில் ஒன்றைப் போடும்போது, அதுவும் உயிருள்ள ஒன்றை நன்மை செய்யும் நோக்கத்தோடு போடும்போது, நாம் எதை அளக்க வேண்டும்? நல்லெண்ணம் ஒன்றே ஒரு செயலை நற்செயலாக்கிவிடுமா? மிகப் பழைய இந்த அறவினாவை ஆற்று மீன்களை முன்வைத்துச் சற்று ஆராய்வோம்.

புனேயில் வாழும் நமக்கு இது தொலைவில் உள்ள செய்தியன்று. 1839-ஆம் ஆண்டில் கர்னல் சைக்ஸ் என்னும் ஆங்கிலேயர் தக்காணத்து மீன்களைப் பற்றி எழுதியபோது, புனேக்கு அருகே முளா-முட்டா ஆற்றில் கிடைத்த ஒரு பெருமீனை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மீன் மஹ்சீர் வகைகளுள் ஒன்று. நீலத்துடுப்பு மஹ்சீர் என்று இன்று வழங்கப்படுவது அதுவே. நாள்தோறும் பாலத்தின்மீது மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்து செல்லும் ஆறே அந்த மீனுக்கு முகவரி தந்த ஆறு என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

நம்முள் பலர் பிறந்த காவிரிக் கரைக்கும் ஒரு மஹ்சீர் உண்டு. முதுகில் காளையின் திமில் போன்ற மேடும், செம்பொன் சாயல் படிந்த துடுப்புகளும் உடையது அது. காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. 1946-ஆம் ஆண்டில் மைசூர்ப் பகுதியில் கபினி ஆற்றில் தூண்டிலிற் பிடிபட்ட ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ, எடை இருந்தது என்றால் அதன் பெருமையை ஊகித்துக்கொள்ளலாம். மழைக்காலத்துப் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலேறிச் சென்று, கூழாங்கல் நிறைந்த தெளிந்த நீரில் முட்டையிடுவது மஹ்சீரின் இயல்பு. அணைகள் அவ்வழியை மறித்தன. மணல் அள்ளுவோர் படுகையைக் குலைத்தனர். வெடி வைத்து மீன் பிடிப்போர் தாயையும் குஞ்சையும் ஒருங்கே அழித்தனர். நாடெங்கும் மஹ்சீர் குறைந்து வருவதைக் கண்டோர் கவலை கொண்டனர்.

அக்கவலையிலிருந்து ஒரு நற்பணி பிறந்தது. புனேக்கு அருகிலுள்ள லோணாவளாவில், மின் உற்பத்திக்காக ஏரிகளை அமைத்திருந்த டாட்டா மின்சார நிறுவனத்தார், 1970களில் மஹ்சீர்க் குஞ்சு வளர்ப்பில் முனைந்தனர். சினைமீனின் முட்டையைப் பதமாகப் பிதுக்கியெடுத்து, ஆண்மீனின் விந்தோடு சேர்த்து, ஓடும் நீரில் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை விரலளவுக்கு வளர்த்துப் பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்கு அனுப்பினர். மிகுந்த பொறுமையும் திறமையும் வேண்டிய பணி அது. பாராட்டுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. அவ்வாறு அனுப்பப்பட்ட நீலத்துடுப்பு மீன்கள் காவிரியிலும் விடப்பட்டன. மஹ்சீர் குறைந்துவிட்ட ஆற்றில் மஹ்சீரை விட்டால் நன்மையன்றி வேறென்ன விளையும் என்றே எவரும் எண்ணியிருப்பர். நாம் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்போம்.

பின்னர் நடந்தது என்ன? காவிரிக் கரையில் இருந்த ஒரு தூண்டில் முகாமில், பிடித்த மீனை எடை பார்த்து மீண்டும் ஆற்றிலேயே விடும் வழக்கம் இருந்தது. எந்த மீன், எவ்வளவு எடை என்று அங்கே பதிவேட்டில் எழுதி வைத்தனர். 1998 முதல் 2012 வரையிலான அப்பதிவுகளை ஆராய்ந்து அறிவியலாளர் சிலர் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நீலத்துடுப்பு மீன்கள் ஆண்டுக்காண்டு பெருகி வர, திமிலுடைய மீன்கள் அருகி வந்ததை அப்பதிவேடு காட்டிற்று. கிடைத்த சிலவும் வர வர முதிர்ந்த பெருமீன்களாகவே இருந்தன, இளமீன்கள் இல்லை. வாரிசற்ற வீட்டின் திண்ணையில் கிழவர் மட்டும் எஞ்சியிருப்பது போன்ற நிலை அது. 'காவிரியில் மஹ்சீர் பெருகிவிட்டது' என்று மேலோட்டமாகப் பார்த்தவர் மகிழ்ந்திருக்கக்கூடிய அதே ஆண்டுகளில், காவிரியின் மஹ்சீர் மறைந்துகொண்டிருந்தது.

இதிலும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. நூறாண்டுக்கும் மேலாகப் புகழ்பெற்றிருந்த அந்தத் திமில் மீனுக்கு, ஐயமற்ற அறிவியல் பெயர் 2018 வரை இல்லை. 2007-இல் கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு ஓர் இனம் விவரிக்கப்பட்டு, இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் அறிவியலாளர் ரேமாதேவி அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. பாம்பாறு அமராவதியாகிக் காவிரியில் கலப்பது. நீலகிரி அடிவாரத்து மோயாற்றில் கிடைத்த திமில் மீன்களை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று 2018-இல் நிறுவினர். அதே ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் வரிசையில் அதைச் சேர்த்தது. பெயரில்லாதவருக்கு அலுவலகத்தில் கோப்பு இல்லை. கோப்பு இல்லாதவரின் துன்பம் எவர் மேசைக்கும் வருவதில்லை. கோப்புகளோடு காலம் கழிக்கும் எம் போன்றோருக்கு இது புதிதன்று. ஆயின் ஒரு மீனுக்கும் இதே கதி நேரும் என்று நாம் எண்ணியதில்லை.

இங்கே குற்றவாளி யார்? நீலத்துடுப்பு மீன் அன்று; அது தன் இயல்பின்படி உண்டு வாழ்ந்து பெருகிற்று. அதை வளர்த்தவர்மீது வசைபாடுவதும் முறையன்று. அணையும் மணற்கொள்ளையும் வெடியும் முன்பே அந்த ஆற்றை நலிவித்திருந்தன. அன்று எவருக்கும் தெரியாத ஒன்றுக்கு அவர்களைத் தண்டிக்க இயலாது. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். தெரியாமை மன்னிக்கத்தக்கது, தெரிந்துகொள்ள முயலாமை அவ்வாறன்று. 'இந்த ஆற்றுக்கு உரியது எது?' என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு விடை கிடைக்காமல் தவறியிருந்தால் அது விதி. கேட்கவே தோன்றாதிருந்தால் அது நம் அன்பில் உள்ள குறை. ஒருவரை இன்னார் என்று அறியாமலே அவர்மீது செலுத்தும் அன்பு, பல வேளைகளில் நம் மனநிறைவுக்காக நாம் செய்துகொள்ளும் காரியமாக முடிகிறது.

'பசித்த மக்கள் உள்ள நாட்டில் மீனின் குலம் கோத்திரம் பார்ப்பதா?' என்று கேட்பாரும் உண்டு. நியாயமான கேள்வி. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை எத்தனையோ ஏழை வீடுகளின் குழம்புச் சட்டியை நிரப்பியிருக்கிறது. வடநாட்டு ஆறுகளின் கட்லாவும் ரோகுவும் நம் ஊர்ச் சந்தைகளில் உறவாடுகின்றன. உணவுக்காகக் குளத்தில் மீன் வளர்ப்பதை எவரும் குறை கூறமாட்டார். ஆனால் குளத்துக்குக் கரை உண்டு. தவறினால் நீரை வடித்துத் திருத்திக்கொள்ளலாம். ஆற்றில் விட்டதைத் திரும்ப அழைக்க வழியில்லை. திருத்த முடியாத செயலுக்குத் திருத்தக்கூடிய செயலைவிடப் பன்மடங்கு தயக்கம் வேண்டும் என்பதே இங்கு அறம்.

மற்றொரு கேள்வி நம் நெஞ்சுக்கு மிக அருகில் உள்ளது. 'இந்த நீருக்கு உரியது, உரியதன்று' என்று பிரித்துப் பேசும்போது, பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு உள்ளூர ஒரு கூச்சம் எழாமற் போகாது. மண்ணின் மைந்தர் என்ற முழக்கத்தை இம்மாநிலத்தில் கேட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்த நாட்களை நம்முள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். காவிரிக் கரையினர் நாம் முளா-முட்டாக் கரைக்கு வந்தோம். முளா-முட்டாவில் பெயர் பெற்ற மீன் காவிரிக்குச் சென்றது. அது அங்கே அயலது என்றால், நாம் இங்கே யார்?

இந்த ஒப்புமை கண்ணைக் கவர்வது. ஆயின் ஆராய்ந்தால் நிற்பதன்று. மனிதர் எங்குச் சென்றாலும் மனித இனம் ஒன்றே. மராத்தியர் வீட்டுப் பக்கத்தில் தமிழர் வீடு இருப்பதால் மராத்தியர் அருகிப்போவதில்லை. பூரண போளியும் பொங்கலும் ஒரே சுவருக்கு இருபுறமும் மணக்கலாம். மேலும், மனிதனுக்குக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உண்டு. வந்த இடத்தின் மொழியைக் கற்று, அதன் நன்மை தீமைகளில் பங்கேற்று, நாம் இவ்வூருக்கு உரியவராகிறோம். மீனுக்கு அந்தத் தேர்வு இல்லை. விடப்பட்ட ஆற்றுக்கும் இல்லை. தேர்வு முழுவதும் குஞ்சுகளை ஏந்திய கையினிடத்தில்தான் இருந்தது. தேர்வு எங்கே உள்ளதோ அங்கேதான் பொறுப்பும் உள்ளது. எனவே மீனின் சட்டத்தை மனிதருக்கு நீட்டுவது கொடுமை. மனிதரின் பொறுப்பை மீனின் தலையில் ஏற்றுவது பேதைமை.

அவ்வாறாயின் ஒரு வட்டாரத்தின் ஆறுகளையும் அவற்றுக்கே உரிய மீன்களையும் காக்கும் திட்டத்துக்குத் தலைமை ஏற்பவர் செய்ய வேண்டுவது யாது? ஆறுகளில் மீன்குஞ்சு விடுவது இன்று பெரிய அளவில் நடக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் அது ஓர் அங்கம். அந்தந்த ஆற்றின் தாய்மீனிடமிருந்தே குஞ்சு எடுக்க வேண்டும் என்ற கருத்து இப்போது வலுப்பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் ஆண்டறிக்கையில் 'விடப்பட்ட குஞ்சுகள்' என்ற கட்டத்தை நிரப்புவது எளிது. 'பிழைத்தவை எத்தனை, அவற்றால் இடம் இழந்தவை எவை' என்ற கட்டம் படிவத்திலேயே இருப்பதில்லை. எண்ணுவதற்கு எளியதையே நாம் எண்ணுகிறோம். எண்ணியதையே சாதனை என்கிறோம். தலைமை ஏற்றவரின் முதற்கடமை அந்த இல்லாத கட்டத்தை வரைவது. நதிமூலம் பார்க்கலாகாது என்பர்; இப்பணியில் நதிமூலம் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது கடமை, மீனை விடுமுன் நீரைச் சீராக்குவது. கூரை ஒழுகும் வீட்டில் புதிதாகக் குடிவைப்பதால் பயனில்லை. மூன்றாவது, கரையில் வாழ்வோரின் சொல்லைக் கேட்பது. துங்கைக் கரையில் சிருங்கேரியிலும், காவிரிக் கரையில் ராமநாதபுரத்திலும் கோயிற்படித்துறை மீன்களை எவரும் தொடாமல் காத்து வந்ததில் கரையோரது பக்திக்குப் பெரும் பங்கு உண்டு. நான்காவது, தவறியதை மறைக்காமல் எழுதி வைப்பது. ஒரு முகாமின் எளிய பதிவேடு இல்லாதிருந்தால் திமில் மீனின் துயரம் இவ்வளவு தெளிவாக நமக்குத் தெரிந்தே இராது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். முளா-முட்டாவின் மாசகற்றுவதற்காக ஜப்பானியக் கடனுதவியோடு ஏறத்தாழ 990 கோடி ரூபாய்த் திட்டம் 2016-இல் ஒப்புதல் பெற்றது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவது அரசின் பணி. ஆனால் ஆற்றை ஆறென்று நினைப்பது நம் பணி. ஆடிப் பெருக்கன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு நீர்க்கரை தேடிச் செல்லும்போது, நம் மனக்கண்ணில் ஓடுவது காவிரியே. எதிரில் ஓடும் ஆற்றை அதற்கு ஒரு பதிலியாகவே பார்க்கிறோம். ஒரு மஹ்சீருக்கு மாற்றாக இன்னொரு மஹ்சீர் போதும் என்று எண்ணியவரின் பிழையும் இதுவேயன்றோ? இலையையும் பையையும் அங்கேயே எறிந்துவிட்டு வருகையில், இந்த ஆற்றுக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு மீன் உண்டு என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

இவ்வாண்டு ஆடிப் பெருக்குக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, காவிரியின் கதையோடு முளா-முட்டாவின் கதையையும் சொல்லுவோம். இங்கிருந்து ஒரு மீன் நம் ஊருக்குப் போனதையும், அங்கிருந்த மீனுக்கு நேர்ந்ததையும் சொல்லுவோம். படையலில் பிளாஸ்டிக் தவிர்த்து, கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வருவோம். ஆற்றிலே எதைப் போட்டாலும், அன்பையே போட்டாலும், யாருடைய ஆறு என்று கேட்டு, அளந்து போடுவோம்.